மூன்றாவது பந்து

குடும்பத் தலைவன் ஆவதற்கு ரேஷன் கார்டில் பெயர் இருந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அது தாலுகா ஆபீஸ் கணக்கு. வீட்டுக்குள் அந்தப் பதவியை நடத்த வேண்டுமானால் நல்ல நுரையீரல் வேண்டும். "மோட்டாரை நிறுத்தாம போனது யாரு?" என்று கூடத்தில் நின்று கேட்டால் அந்தக் கேள்வி தேயாமல் கொல்லை வரை போய்ச் சேர வேண்டும். பொன்மலை ரயில்வே பணிமனையில் இரும்பு அடிக்கிற சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை என்னுடையது. நான் என் மனைவி ராஜியிடம் ரகசியம் சொன்னால் மூன்றாவது வீட்டில் அபிப்பிராயம் சொல்வார்கள்.

அப்படிப்பட்டவனுக்கு வலது நுரையீரலின் மேல்பகுதியில் கட்டி வந்தது. கரண்ட் வைத்தார்கள். எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்லுவோம். ஆஸ்பத்திரிச் சீட்டில் ரேடியோதெரபி என்று இருக்கும். இந்த மாதிரிக் கட்டிக்கு வழக்கமான அளவு 60 கிரே, அதை 30 சிட்டிங்காகப் பிரித்து, திங்கள் முதல் வெள்ளி வரை ஆறு வாரம். சனி, ஞாயிறு லீவு. ரயில்வேயில்கூட எனக்கு இவ்வளவு ஒழுங்காக வார விடுமுறை கிடைத்ததில்லை.

ஆரம்பிக்கும் முன்பே டாக்டர் கம்ப்யூட்டரில் என் நெஞ்சைக் குறுக்கே வெட்டிக் கலர் கலராகக் காட்டினார். நல்ல நுரையீரலில் 20 கிரேயும் அதற்கு மேலும் வாங்குகிற பங்கு மூன்றில் ஒன்றைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வோம் என்றார். கட்டி ஒரே இடத்தில் நிற்பதில்லை, மூச்சுக்கு மூச்சு மேலும் கீழும் நகரும். அதற்காகச் சுற்றிலும் கொஞ்சம் விட்டுத்தான் குறி வைக்க முடியும், அந்தக் கொஞ்சத்தில் நல்ல சதையும் அகப்பட்டுக்கொள்ளும் என்றார். எல்லாம் புரிந்த மாதிரி தலையாட்டினேன். எனக்குப் புரிந்தது பச்சைக் கலர் நன்றாக இருந்தது என்பது மட்டும்தான்.

கட்டி அடங்கிவிட்டது. அடங்காதது அக்கம்பக்கத்து நுரையீரல். சிகிச்சை முடிந்து ஒன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் இது தலைகாட்டும் என்பார்கள். என் விஷயத்திலும் எல்லோரும் "தேறிட்டாரு" என்று பேச ஆரம்பித்த நேரம் பார்த்து வந்தது. வறட்டு இருமல், சாயந்திரமானால் லேசான ஜுரம், செருப்பு மாட்டினாலே மூச்சு இரைப்பு. ராஜி சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றையும் தட்டிப்போட்டுக் கஷாயம் கொடுத்தாள். கஷாயம் குடித்தும் இருமல் அப்படியே இருந்தது. கஷாயத்தின் மேல் ஒரு பயமும் சேர்ந்துகொண்டது. சி.டி. எடுத்துப் பார்த்தால், கதிர் போன பாதையிலேயே வெள்ளையாகப் படர்ந்திருந்தது. கிருமி செய்த வேலையாக இருந்தால் இவ்வளவு எல்லை கட்டிப் படர்ந்திருக்காது. கதிர்வீச்சால் வந்த நுரையீரல் அழற்சி என்று சொல்லி ஸ்டீராய்டு மாத்திரை எழுதினார்கள். வாரக்கணக்கில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும், சுகமாயிருக்கிறது என்று நாமாக நிறுத்தக்கூடாது என்று டாக்டர் என்னைப் பார்த்து ஒரு தடவையும் ராஜியைப் பார்த்து மூன்று தடவையும் சொன்னார். யாரிடம் சொன்னால் நடக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

ஸ்டீராய்டு ஒரு வினோதமான மாத்திரை. மூச்சு இறங்கும், பசி ஏறும், சர்க்கரை ஏறும், தூக்கம் போய்விடும். ராத்திரி இரண்டு மணிக்கு முறுக்கு டப்பாவைத் திறந்தால் அது போடுகிற சத்தம் இருக்கிறதே, பணிமனையில்கூட நான் கேட்டதில்லை. கன்னம் இரண்டும் உப்பிப்போய் முகம் பௌர்ணமி ஆயிற்று. பார்க்க வந்த உறவுக்காரர்கள் எல்லாரும் "முன்னைக்கு இப்ப நல்லா பூசினாப்புல இருக்கீங்க" என்றார்கள். நான்கு படி ஏறி வந்து அவர்களை வரவேற்கத் திராணியில்லாமல் உட்கார்ந்திருந்தவனுக்கு இந்தப் பாராட்டு.

அழற்சி அடங்கிய பிறகு தழும்பு தங்கிவிட்டது. அதுதான் நெடுநாள் குடித்தனக்காரன். சிகிச்சை முடிந்து ஆறு மாதம், ஒரு வருஷம் என்று மெல்ல இறுகி, பிறகு ஒரு நிலையில் நிற்கும். பயிற்சி செய்தால் தழும்பு கரைந்துவிடுமா என்று டாக்டரிடம் கேட்டேன். "கரையாது" என்றார். "அப்ப எதுக்கு சார் பயிற்சி?" "மிச்சம் இருக்கறத நீங்க சரியா உபயோகிக்கிறதில்ல. அதுக்கு." என்னை முப்பது வருஷமாகத் தெரிந்த மேலதிகாரிகூட இவ்வளவு சுருக்கமாக என் சர்வீஸ் ரிப்போர்ட் எழுதியதில்லை.

பிசியோதெரபி அறையில் இருந்த பெண்ணுக்கு என் மகளைவிட வயது குறைவு. எல்லோரையும் அப்பா, அம்மா என்றுதான் கூப்பிடுவாள். "அப்பா, ஒரு கைய நெஞ்சு மேல, ஒரு கைய வயித்து மேல வைங்க. மூக்கால இழுங்க. நெஞ்சுக் கை அசையக்கூடாது, வயித்துக் கை மேல வரணும்" என்றாள். என் வயிறு ஏற்கெனவே மேலேதான் இருந்தது. அது இன்னும் எங்கே வரும் என்று புரியாமல் மூச்சை இழுத்தேன். தோள் இரண்டும் காதைத் தொட்டன, வயிறு அசையவில்லை. அறுபத்தெட்டு வயது வரைக்கும் தோளால் மூச்சு விட்டிருக்கிறேன்.

நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே கிடக்கும் உதரவிதானம் என்ற தசை கீழே இறங்குவதால்தான் மேலே இடம் உண்டாகிறது, அந்த இடத்துக்குக் காற்று தானாக வருகிறது என்று அவள் விளக்கினாள். இதைக் கேட்டதும் எனக்குள் இருந்த பிட்டர் விழித்துக்கொண்டார். எங்கள் காலத்து ரயில் பெட்டிகளில் வேக்குவம் பிரேக். காற்றை யாரும் உள்ளே தள்ள வேண்டியதில்லை, வழி கிடைத்தால் அதுவே பாயும். சிலிண்டருக்குள் ரோலிங் ரிங் என்று ஒரு ரப்பர் வளையம் உண்டு. அது பழசாகி விறைத்துவிட்டால் பிஸ்டன் நகர முரண்டு பிடிக்கும். என் நுரையீரலில் ரப்பர் விறைத்துவிட்டது, அதனால் அதே காற்றை இழுக்க இரண்டு மடங்கு வேலை, சரிதானே என்று அந்தப் பெண்ணுக்கு நான் பாடம் எடுத்தேன். எடுத்துக்கொண்டே வந்ததில் நடுவில் மூச்சு முட்டி நின்றுவிட்டேன். "கரெக்டுப்பா. இப்ப பேசாம விடுங்க" என்றாள்.

அடுத்து அவள் போட்ட கணக்கு எனக்கு ரொம்பப் பிடித்தது. சாதாரணமாக ஒரு மூச்சுக்கு அரை லிட்டர் காற்று, அதாவது 500 மில்லி. அதில் 150 மில்லி மூச்சுக்குழாயோடு நின்றுவிடும். ரத்தத்தோடு கொடுக்கல் வாங்கல் கிடையாது. நிமிஷத்துக்கு 12 மூச்சு என்றால் மொத்தம் 6 லிட்டர், உள்ளே போய் வேலை செய்வது 4.2 லிட்டர். பயந்துபோய் நாய் இரைப்பதுபோல் 250 மில்லி வீதம் 24 மூச்சு விட்டாலும் மொத்தம் அதே 6 லிட்டர்தான்; ஆனால் வேலை செய்வது 2.4 லிட்டர். உழைப்பு ஒன்று, வருமானம் ஏறக்குறைய பாதி. விறைத்த நுரையீரல்காரனுக்குக் குட்டை மூச்சும் வேகமும் இயல்பாகவே வந்துவிடும். அதன் மேல் பயமும் ஏறி உட்கார்ந்துகொண்டால்தான் இரட்டிப்பு நஷ்டம். அந்தப் பயத்தை இறக்குவதுதான் பயிற்சியில் பாதி.

இறக்குவதற்கு ஒரு வித்தை சொல்லிக்கொடுத்தாள். மூக்கால் இரண்டு எண்ணும் வரை இழுத்து, உதட்டைக் குவித்து, மெழுகுவர்த்தி அணையாமல் ஆட மட்டும் செய்கிற அளவுக்கு நான்கு எண்ணும் வரை விட வேண்டும். மூச்சு வாங்கும்போது முன்னால் சாய்ந்து கையை எதன் மேலாவது ஊன்றிக்கொண்டு இதைச் செய்தால் இரைப்பு சீக்கிரம் அடங்கும். அறைக்குள் செய்ய எந்தத் தடையும் இல்லை. நான் செய்தது சத்திரம் பஸ் ஸ்டாண்டில்.

ராஜி மாத்திரை வாங்கக் கடைக்குப் போயிருந்தாள். நான் பஸ்ஸை விட்டு இறங்கிய வேகத்தில் இரைத்தது. கம்பியில் இரண்டு கையையும் ஊன்றி, குனிந்து, உதட்டைக் குவித்து "ஊ…" என்று நீளமாக விட்டேன். நேரே எதிரில் ஒரு பூக்கார அம்மாள் மல்லிகை கட்டிக்கொண்டிருந்தார். முதல் "ஊ"வுக்கு நிமிர்ந்து பார்த்தார். இரண்டாவதற்கு நாரைக் கீழே வைத்தார். மூன்றாவதற்கு, "ஏன் பெருசு, இந்த வயசுல விசிலு கேக்குதா?" என்றார். பதில் சொல்லலாம்தான். ஆனால் நான்கு எண்ணி முடிக்கும் முன் பேசக்கூடாது என்பது பயிற்சி விதி. நான் விதிப்படி அவரைப் பார்த்துக் குவித்த உதட்டோடு நின்றேன். பக்கத்துப் பழவண்டிக்காரர் எழுந்து வந்தார். நல்லவேளையாக ராஜி வந்து சேர்ந்தாள். "அவரு மூச்சு விடறாரும்மா, நெஞ்சுல கரண்ட் வச்சிருக்கு" என்றாள். "மூச்சு விடட்டும்க்கா. அத ஏன் என்னப் பாத்து விடறாரு?" இந்தக் கேள்விக்கு ராஜியிடமும் பதில் இல்லை என்பதுதான் எனக்கு வருத்தம். இரண்டு முழம் மல்லிகை, சொன்ன விலைக்கு, பேரம் பேசாமல் வாங்கினோம். அன்றிலிருந்து வெளியில் எனக்கு இரைத்தால் முதலில் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்ள வேண்டும் என்பது வீட்டு உத்தரவு.

இனி மூணு பந்து. ஸ்பைரோமீட்டர் என்று சீட்டில் எழுதுவார்கள்; மருந்துக்கடையில் "மூணு பந்து" என்றால் எடுத்துத் தருவார்கள். அடுத்தடுத்து மூன்று அறை, ஒவ்வொன்றிலும் ஒரு பிளாஸ்டிக் பந்து, பக்கத்தில் ஒரு குழாய். குழாயில் வாய் வைத்து இழுக்க வேண்டும். நம் ஊரில் குழாயைக் கண்டால் ஊதுகிற பழக்கம். அதனால் முதல் நாள் எல்லோருமே ஊதுவார்கள், பந்து அசையாது, கம்பெனியைத் திட்டுவார்கள். முதல் பந்து மேலே போனால் விநாடிக்கு 600 மில்லி வேகம், இரண்டும் போனால் 900, மூன்றும் போனால் 1200. இந்த எண்கள் பெட்டி மேலேயே போட்டிருக்கும். போட்டிருக்கக்கூடாது என்பது என் கட்சி. ஆண்பிள்ளை கையில் எண் போட்ட சாமானைக் கொடுத்தால் அது வைத்தியமாக இராது, பந்தயமாகிவிடும்.

மூன்றாவது பந்தை எழுப்பியே தீருவது என்று கிளம்பினேன். காலைக் காப்பிக்கு முன், பிறகு, செய்தி பார்க்கும்போது, விளம்பர இடைவேளையில். படக்கென்று ஒரு இழு இழுத்தால் மூன்றும் துள்ளி எழுந்து மறுகணமே விழும். எழுந்ததை யாராவது பார்க்க வேண்டுமே! ராஜியைக் கூப்பிட்டால் அவள் அடுப்படியிலிருந்து வந்து சேரும்போது மூன்றும் தரையில் கிடக்கும். ஒரு நாள் பேரன் நான் வைத்துவிட்டுப் போன நேரம் பார்த்துக் குழாயை வாயில் வைத்து அலட்டிக்கொள்ளாமல் மூன்றையும் மேலே நிறுத்தி, "தாத்தா, இதுல அடுத்த லெவல் எங்க இருக்கு?" என்றான். ஒருவர் வாய் வைத்ததை இன்னொருவர் வைக்கக் கூடாது, தொற்று வரும் என்று சத்தம் போட்டேன். சொன்னது சுகாதாரப்படி சரிதான். சத்தத்தில் சுகாதாரம் தவிர வேறும் இருந்தது.

அடுத்த முறை போனபோது பிசியோ பெண் ஒரே வாக்கியத்தில் என் லட்சியத்தை முடித்துவைத்தாள்: "மூணாவது எழும்பவே வேண்டாம்ப்பா." மெதுவாக, நீளமாக இழுத்து, முதல் இரண்டை மேலே நிறுத்தி வைப்பதுதான் பலன், மூன்றாவது கீழேயே கிடந்தால் சரியான வேகத்தில் இழுக்கிறோம் என்று அர்த்தம். நான் இத்தனை நாளாகத் தோல்வி என்று நினைத்து மறைத்ததெல்லாம் தேர்ச்சி. எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டியதெல்லாம் தப்பு வேகம். இந்தக் கருவியின் யோசனையே பெருமூச்சிலிருந்தும் கொட்டாவியிலிருந்தும் வந்ததாம். 1970களில் ராபர்ட் பார்ட்லெட் என்ற அமெரிக்க அறுவை மருத்துவரும் அவருடன் இருந்தவர்களும் கொண்டுவந்தது. மனிதன் தன்னையறியாமல் சில நிமிஷத்துக்கு ஒரு தடவை பெருமூச்சு விடுகிறான். சுருங்கி ஒட்டிக்கொண்ட காற்றறைகள் அப்போது திறந்துகொள்கின்றன.

இந்தச் செய்தியை நான் வீட்டில் சொல்லியிருக்கக் கூடாது. இத்தனை வருஷமாக ராஜி பெருமூச்சு விட்டால், "இப்ப என்ன குறைஞ்சு போச்சு?" என்று கேட்பது என் வழக்கம். இப்போது கேட்டால், "காத்தறை தொறக்கறேன்" என்கிறாள். என் தங்கை வந்திருந்த நான்கு நாளும் வீட்டில் ஏகப்பட்ட காற்றறைகள் திறந்தன.

எதிர்வீட்டுத் தபால்துறை நண்பருக்கு இந்தப் பந்து சமாசாரம் எல்லாம் இளக்காரம். "வெள்ளைக்காரன் இப்பக் கண்டுபிடிச்சத நம்ம சித்தருங்க எப்பவோ சொல்லிட்டாங்க. கபாலபாதி பண்ணுங்க, கும்பகம் பண்ணுங்க, தழும்பாவது ஒண்ணாவது" என்று திண்ணையில் உட்கார்ந்து செய்துகாட்டினார். அடுத்த நிமிஷம் அவருக்கே தலை சுற்றி, ராஜி மோர் கொண்டுவந்தாள். டாக்டரிடம் கேட்டதில், மெதுவாக இழுத்து மெதுவாக விடுகிற எதற்கும் அவர் குறுக்கே நிற்கவில்லை. வயிற்றை வெட்டி வெட்டி வேகமாக விடுவதும், மூச்சை அடக்கிப் பிடிப்பதும் இப்போதைக்கு உங்களுக்கு வேண்டாம் என்றார். சித்தர்கள் நெஞ்சில் கரண்ட் வைத்துக்கொண்டு கும்பகம் செய்ததாக நானும் கேள்விப்பட்டதில்லை.

விரலில் மாட்டுகிற ஆக்சிமீட்டர் கொரோனா காலத்தில் வாங்கியது, பீரோவில் கிடந்தது. இதைக் கண்டுபிடித்த ஜப்பானியப் பொறியாளர் தகுவோ அயோயாகி 1970களின் தொடக்கத்தில் வேறு எதையோ அளக்கப் போனார். இதயம் ஒரு நிமிஷத்துக்கு எவ்வளவு ரத்தம் தள்ளுகிறது என்று பார்க்கும்போது நாடித்துடிப்பு குறுக்கே விழுந்து அளவைக் கெடுத்ததாம். அந்தத் தொல்லையை ஒழிக்க ஆராய்ந்தவருக்கு, அந்தத் துடிப்பை வைத்தே ஆக்சிஜனை அளக்கலாம் என்று பட்டது. 1974ல் வெளியில் சொன்னார். உலகம் முழுக்க வீட்டுக்கு வீடு அது தேவைப்பட்ட 2020ல், ஏப்ரலில், அவர் காலமானார். அவர் கருவியை நான் பயன்படுத்திய விதத்தை அவர் பார்க்காமல் போனதும் ஒரு வகைக்கு நல்லதுதான். என் விரல், ராஜி விரல், பேரன் விரல், பால்காரர் விரல் எல்லாம் பார்த்தாயிற்று. எல்லோருக்கும் 98, எனக்கு மட்டும் 94. விரலைத் தேய்த்துச் சூடாக்கினால் 95. டாக்டர் எனக்குப் போட்ட கோடு 90. அதற்குக் கீழே போய் உட்கார்ந்தும் ஏறாவிட்டால் உடனே வர வேண்டும். கோட்டுக்கு மேலே இருக்கும்போது ஒரு புள்ளிக்காக விரலைத் தேய்க்க வேண்டாம் என்றும் சேர்த்துச் சொன்னார். ராஜி போட்டுக்கொடுத்திருக்கிறாள்.

ஆறு நிமிஷ நடைத் தேர்வு என்று ஒன்று உண்டு. முப்பது மீட்டர் நடைபாதை, இரண்டு கோடியிலும் ஒரு கூம்பு, ஆறு நிமிஷத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறோம் என்று அளப்பார்கள். நடுவில் நிற்கலாம், கடிகாரம் நிற்காது. தேர்வு எடுப்பவர் ஆளுக்கு ஆள் மாற்றி உற்சாகப்படுத்தக் கூடாது. "நல்லா நடக்கறீங்க, இன்னும் நாலு நிமிஷம் இருக்கு" என்று எழுதிவைத்த வாசகம் மட்டும்தான். கூட நடக்கவும் கூடாது. இது தெரியாமல் ராஜி என் பக்கத்திலேயே, கேஸ் பதிவு பண்ண வேண்டும், அரிசி தீரப் போகிறது என்று சொல்லிக்கொண்டு வந்தாள். அந்தப் பெண் அவளை மரியாதையாக நாற்காலியில் உட்காரவைத்தாள். அப்புறம் நான் நடந்த நடை இருக்கிறதே! முதல் தடவைக்கும் இப்போதைக்கும் முப்பது மீட்டருக்கு மேல் கூடியிருக்கிறது. அந்த அளவு கூடினாலே உண்மையான முன்னேற்றம் என்று கணக்கு. ராஜியை உட்காரவைத்ததற்கு எவ்வளவு கழிக்க வேண்டும் என்று தெரியவில்லை.

நடந்து முடித்ததும் இரைப்புக்கு நாமே மார்க் போட வேண்டும். பூஜ்யம் முதல் பத்து வரை. பூஜ்யம் என்றால் இரைப்பே இல்லை, பத்து என்றால் தாங்க முடியாது. தினசரி நடையில் மூன்று, நான்கில் நின்றுகொள்வது நல்லது. நான் "மூணு" என்றேன். "ஏழு போடும்மா" என்றாள் ராஜி நாற்காலியிலிருந்து. நோயாளி சொல்வதைத்தான் எழுதுவோம் என்று அந்தப் பெண் சொன்னபோது நான் அடைந்த ஆனந்தத்துக்கு ஸ்கேல் கிடையாது.

படி ஏறவும் ஒரு முறை வைத்திருக்கிறார்கள். நிற்கும்போது இழு, ஏறும்போது விடு. இந்த முறையில் என் வீட்டு மாடி வரை ஏறிவிடுகிறேன். மலைக்கோட்டைக்குப் போனால் அடிவாரத்து மாணிக்க விநாயகரோடு சரி. உச்சிப் பிள்ளையாரும் அவரும் ஒரே ஆள்தானே, தகவல் மேலே போய்விடும்.

படியைச் சமாளிக்கலாம், பேச்சைத்தான் முடியவில்லை. பேச்சு முழுக்க வெளிமூச்சில் நடக்கிற தொழில். முன்பு ஒரே மூச்சில் சொன்ன கண்டனத்தை இப்போது இரண்டு மூன்று தவணையில் சொல்ல வேண்டியிருக்கிறது. கமா வருகிற இடத்தில் நிறுத்தி மூச்சு எடுங்கள் என்றாள் பிசியோ பெண். எடுக்கிறேன். அந்தக் கமாவுக்குள் ராஜி வந்துவிடுகிறாள். "உன் தம்பி…" என்று ஆரம்பித்து மூச்சு எடுத்தால், "வரட்டும்னுதானே சொல்ல வந்தீங்க? ஞாயித்துக்கிழமை வரச் சொல்லிட்டேன்" என்கிறாள். "இந்த மாசம் பென்ஷன்ல…" என்றேன். "மிக்ஸி மாத்திடலாம்ங்கறீங்க. சரி." என் வாயால் நான் இதுவரை சம்மதித்திருக்கும் காரியங்களைக் கேட்டால் எனக்கே திகைப்பாக இருக்கிறது.

போன வாரம் மறுபரிசோதனை. பிசியோ பெண் படிவத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டாள். குளிக்கும்போது இரைக்குதா? ஸ்டூல் போட்டு உட்கார்ந்து குளிக்கிறேன், இல்லை. குனியும்போது? கொஞ்சம். "வீட்ல பேசும்போது மூச்சு வாங்குதாப்பா?" நான் விரிவாகச் சொல்லலாம் என்று மூக்கால் இரண்டு எண்ணி இழுத்துக்கொண்டிருந்தேன்.

"இல்லம்மா, அவரு எங்க பேசறாரு" என்றாள் ராஜி.

பேச்சில் சிரமமில்லை என்று எழுதிக்கொண்டு அந்தப் பெண் அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள்.